கடற்பயணிகளும் காப்பு ஒத்திகையும்

கப்பற் பயணஞ் செய்து மீண்டோர் தாம் கண்ட நகரங்களைப் பற்றி நெடுநேரம் பேசுவர். உண்ட உணவைப் பற்றி அதனினும் நெடுநேரம் பேசுவர். கப்பல் துறையை விட்டு நீங்குமுன் அவர்களைக் கொண்டு செய்விக்கப்பட்ட ஒரு சிறு காரியத்தைப் பற்றி எவரேனும் வாய்திறக்க யான் கேட்டதில்லை. அபாய ஒலி எழுந்தால் எங்கே கூடுவது, எவ்வழியாகச் செல்வது, மிதவை அங்கியை எப்படி அணிவது என்று பயணிகளுக்குக் காட்டும் காப்பு ஒத்திகையையே கருதுகின்றேன். முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லி வருபவன் ஆதலின், எவ்விடத்தில் எவர் எதனைக் கற்பித்தாலும் அது சரிவரக் கற்பிக்கப்படுகின்றதா என்று உற்று நோக்கும் பழக்கம் என்னை விட்டு நீங்குவதில்லை. அப்பழக்கத்தால் வந்தது இக்கட்டுரை.

பாரிஸ் நகரில் வாழும் என் அக்காவின் மகன், தன் அம்மம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது நிறைந்ததைக் கொண்டாட எண்ணி, எங்கள் எல்லோரையும் ஏழு நாள் மத்தியதரைக் கடலில் ஓர் உல்லாசக் கப்பலிற் கூட்டிச் சென்றான். உரோமாபுரிக்கு அணித்தாயுள்ள சிவிற்றாவெக்கியாத் துறையிற் கப்பலேறினோம். மூவாயிரவர்க்கு மேற்பட்ட பயணிகள். எமது அறை ஒன்பதாந் தளத்தில் இருந்தது. அறைக் கதவின் உட்புறத்தில் ஒரு வரைபடமும், எம் கையிலிருந்த அட்டையில் ஓர் எழுத்தும் இருந்தன. அவ்வெழுத்துக் குறிப்பது நாம் கூடவேண்டிய இடத்தை. அது நான்காந் தளத்திலே, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் பக்கவெளியில் உள்ளது.

“எப்பொழுது ஒத்திகை?” என்று மருமகனைக் கேட்டேன்.

“மாமா, இப்ப எல்லாம் போனிலைதான். இந்தப் படத்தைப் பாத்தால் சரி. பிறகு கீழை போய் அட்டையைக் காட்டிப்போட்டு வந்தால் அலுவல் முடிஞ்சுது” என்றான்.

படம் ஓடிற்று. சில நிமிடங்களே. ஓர் இளைஞன் சிரித்துக்கொண்டே மிதவை அங்கியை அணிந்து காட்டினான். ஏழு குற்றொலியும் ஒரு நெட்டொலியுமாக அபாயக் குழல் ஊதிற்று. ஆங்கிலத்திலும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றிலும் அதனைக் கேட்கலாம். என் தாயார் தமிழன்றி வேறு மொழி அறியாதவர். “என்ன தம்பி சொல்லினம்?” என்று கேட்டார். யான் எடுத்துச் சொன்னேன். பின்னர் நான்காந் தளத்திற்குச் சென்றோம். ஆங்கு நின்ற பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் எம் அட்டைகளை வாங்கி ஒரு கருவியில் ஒற்றி, நன்றி கூறி, உங்கள் காரியம் முடிந்தது என்றாள்.

முடிந்தது எது? வகுப்பிலே வரவு இடாப்பில் அடையாளமிட்டவுடன் மாணாக்கன் பாடங் கற்றவன் ஆகிவிடுவானாயின், எம்மைப் போன்ற ஆசிரியர்கட்கு வேலை எளிதாகும். அன்று எம் அட்டைகள் ஒத்திகை செய்தன. நாம் செய்தோமா என்பதே என் ஐயம்.

இவ்வொத்திகை வெறுஞ் சடங்கன்று. பல உயிர்களைக் கொடுத்து உலகம் பெற்ற விதி இது. 1912 ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதியபோது அதிலிருந்தோர் ஏறத்தாழ 2,200 பேர். இருந்த படகுகள் 20. அவற்றில் ஏறக்கூடியவர் 1,178 பேரே. படகு போதாமையை யாவரும் அறிவர். இருந்த படகுகளும் நிறையாமலே இறங்கின என்பதைச் சிலரே எண்ணிப் பார்ப்பர். முதலில் இறங்கிய படகில் 65 பேர் ஏறலாம். ஏறியவர் ஏறத்தாழ 28. நாற்பது பேர் கொள்ளும் படகொன்று பன்னிருவருடன் சென்றது. தாம் எங்கே கூடவேண்டும், எப்படகில் ஏறவேண்டும் என்பது பயணிகளுக்குத் தெரியாது. அன்று காலை நடைபெறவிருந்த படகு ஒத்திகையும் கைவிடப்பட்டதாகக் கூறுவர். இவ்வழிவின் பின்னரே 1914 இல் இலண்டனில் நாடுகள் கூடிக் கடலில் உயிர்க்காப்புப் பற்றிய முதல் உடன்படிக்கையைச் செய்தன. இன்று கப்பல்களை ஆள்வது அதன் வழிவந்த 1974 ஆம் ஆண்டு உடன்படிக்கை. காலந்தோறும் திருத்தப்பட்டு வருவது.

அதன் திருத்தம் ஒன்று யாம் கப்பலேறிய அதே துறைமுகத்தோடு தொடர்புடையது. 2012 ஆம் ஆண்டு சனவரி 13 ஆந் திகதி மாலை, கொஸ்ரா கொன்கோர்டியா என்னும் இத்தாலியக் கப்பல் 4,229 பேருடன் சிவிற்றாவெக்கியாவிலிருந்து புறப்பட்டது. இரண்டரை மணி நேரம் நிறையுமுன் ஜீலியோத் தீவின் அருகே பாறையில் மோதிற்று. அன்று அத்துறையில் ஏறிய ஏறத்தாழ 700 பயணிகள் ஒத்திகை எதனையுஞ் செய்திலர். அஃது அவர்கட்கு மறுநாள் நடைபெறவிருந்தது. அதிற் சட்டப்பிழை இல்லை என்பதே வியப்பு. ஏறிய 24 மணி நேரத்துள் ஒத்திகை நடத்தினாற் போதும் என்பது அக்காலத்து விதி. கடலுக்கு மட்டும் அவ்விதியை ஒருவரும் அறிவிக்கவில்லை போலும்! 32 உயிர்கள் மாண்டன. அதன்பின் விதி திருத்தப்பட்டது. ஒருநாளின் மேற்பட்ட பயணமாயின், புதிதாக ஏறியோர்க்குக் கப்பல் புறப்படுமுன்னரோ புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்துதல் 2015 ஆம் ஆண்டு முதல் கட்டாயம்.

நேர்மையாகச் சொல்லவேண்டிய ஒன்றுண்டு. ஒத்திகை ஒன்றே அன்று அவர்களைக் காத்திருக்கும் என யான் சொல்லேன். மோதியபின் மின்சாரக் கோளாறு என்று பயணிகட்கு அறிவிக்கப்பட்டது. அறைகட்குத் திரும்புமாறுங் கூறப்பட்டது. கப்பலைக் கைவிடுக என்ற கட்டளை ஒரு மணி நேரத்துக்கு மேற் கழித்தே வந்தது. அதற்குள் கப்பல் சாய்ந்து, ஒரு பக்கத்துப் படகுகளை இறக்குதல் அரிதாயிற்று. பயணிகள் இருக்கவே கப்பலை விட்டு நீங்கிய கப்பித்தானுக்கு 2015 இல் நீதிமன்றம் 16 ஆண்டுச் சிறை விதித்தது. ஆசிரியன் உறங்கினால் மாணாக்கன் கற்றது எத்துணைப் பயன்படும்? ஆயினும், கூடுமிடம் எது என்று முன்னறிந்தவன் இருட்டிலுஞ் சாய்விலும் ஒரு திசையையேனும் அறிந்தவன் ஆவான். அத்திசையே பல வேளைகளில் உயிர்.

பழைய முறையில் இவ்வொத்திகை எவ்வாறு நடந்தது என்பதை, முன்னர்ப் பலகாற் பயணஞ் செய்த என் அக்காவிடங் கேட்டறிந்தேன். புறப்படுதற்கு முன்னர்க் குழல் ஊதும். கடைகள் அடைபடும், மதுச்சாலை அடைபடும், இசை நிற்கும். பயணிகள் யாவரும் ஒரே நேரத்திற் படியிறங்கிக் கூடுமிடஞ் செல்லவேண்டும். சில கப்பல்களில் அவ்விடம் படகுகளின் கீழுள்ள திறந்த வெளி. வேறு சிலவற்றில் நாடக அரங்கோ உணவுமண்டபமோ கூடுமிடம் ஆகும். படிக்கட்டுத் திருப்பந்தோறும் ஒரு பணியாள் நின்று வழிகாட்டுவான். மிதவை அங்கியுடன் வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவர். வெயில் காயும், குழந்தைகள் அழும், முதியோர் கால்மாறி நிற்பர், பின்வரிசையில் நின்றோர்க்கு ஒன்றுங் கேளாது, வேடிக்கை பேசுவோர் பேசுவர். அக்காவுக்கு அது பிடிப்பதேயில்லை.

2020 இற் கொள்ளைநோய் வந்து கப்பல்கள் யாவும் முடங்கின. மக்களை ஓரிடத்தில் நெருக்குதல் ஆகாது என்ற காரணத்தால் றோயல் கரிபியன் முதலிய குழுமங்கள் இப்புதிய முறையைக் கொண்டுவந்தன: படத்தை அறையிற் பார், உன் வசதிப்படி கூடுமிடஞ் சென்று முகங்காட்டு. நோய் தணிந்த பின்னரும் பல கப்பல்களில் இம்முறையே நிலைத்தது. காரணம் தெளிவு. பயணிக்கு இது பிடிக்கும். மதுச்சாலையை அடைக்க வேண்டாமையின் முதலாளிக்கும் பிடிக்கும்.

இம்முறையில் நன்மை இல்லை என்று வாதிப்பது என் கருத்தன்று. படத்தில் அங்கி அணியும் முறை தெளிவாய்த் தெரிந்தது. பின்வரிசை என்பது அதற்கில்லை. என் தாயார் வெயிலில் நிற்கவும் நேரவில்லை. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் திண்ணைப் பள்ளிக்கூடப் பாங்கு கூட இதில் ஒருசிறிது உண்டு. ஆயினும் கூட்டாகச் செய்யவேண்டிய ஒன்றைத் தனித்தனியே செய்து கற்றல் இயலுமா? மூவாயிரவர் ஒரே வேளையில் ஒரு படிக்கட்டில் இறங்கினால் எங்கே நெருக்கம் உண்டாகும், எக்கதவு சிக்கும், எம்மூலையில் ஒலிபெருக்கி கேளாது என்பன, மூவாயிரவர் இறங்கினாலன்றித் தெரியா. ஒத்திகை பயணிக்கு மாத்திரம் உரியதன்று. பணியாளுக்கும், கப்பலுக்குமே உரியது. 1963 மார்கழியில், கிறித்துமசு விழாவை நோக்கிச் சென்ற லக்கோனியா என்னுங் கிரேக்கக் கப்பல் மடெய்ராத் தீவின் அருகே தீப்பற்றியபோது, அபாய மணியோசை பயணிகள் பலர் செவிக்கு எட்டவேயில்லை. 128 பேர் மாண்டனர். தன் அறையிலிருந்து படம் பார்ப்பவனுக்கு அம்மணி எப்பொழுதும் நன்றாகவே கேட்கும்.

இது குறித்து யானே கண்ட ஒன்று சொல்வேன். 2004 மார்கழி 26 ஆந் திகதி ஆழிப்பேரலை வந்து போனபின் எம் நாட்டுக் கரையோரப் பாடசாலைகளில் ஒத்திகைகள் நடத்தலாயினர். அக்காலத்தில் யான் கடற்கரையை அடுத்த ஒரு பாடசாலையிற் படிப்பித்தேன். பாடசாலையின் பின்புறத்தில் மேட்டு நிலத்துக்குச் செல்லும் சிறுபடலை ஒன்றுண்டு. வரைபடத்தில் அதனைச் சிவப்பு அம்புக்குறி இட்டுக் காட்டிச் சுவரில் ஒட்டியிருந்தோம்; பிள்ளைகள் அதனை மனப்பாடமாகச் சொல்வர். முதல் ஒத்திகை நாளில் மணி அடித்தது. நானூறு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு படலையை நோக்கி ஓடினர். படலையிற் பூட்டுத் தொங்கிற்று. திறப்பு காவலாளியின் மடியில்; காவலாளி சந்தியில் தேநீர்க்கடையில். முன்னே நின்ற சிறுபிள்ளைகள் பின்னே வந்தோரால் நெருக்குண்டு அழத் தொடங்கினர். அன்று நல்லகாலம், கடல் வரவில்லை. அன்று மாலையே பூட்டு நீக்கப்பட்டது. 2012 சித்திரை 11 ஆந் திகதி சுமாத்திராவில் நிலநடுக்கம் உண்டாகி எச்சரிக்கை வந்தபோது அதே பிள்ளைகள் அப்படலை வழியாகவே மேட்டுக்குப் போயினர். சுவரில் ஒட்டிய வரைபடம் எத்துணை அழகாயினும் அப்பூட்டை எமக்குக் காட்டியிராது.

‘ஒத்திகை’ என்ற சொல் நாடகத்தார் வழங்குவது. அரங்கேறவேண்டும் என்பதற்காகவே நாடகத்தை ஒத்திகை பார்ப்பர். கப்பலிலோ அரங்கேறவே கூடாது என்பதற்காக ஒத்திகை பார்க்கின்றோம். ‘பயிற்சி’ என்பது பொருந்தும் எனலாம். பயிலுதல் என்பது பலகாற் செய்தல். ஒருமுறை பார்த்தலைப் பயிற்சி என்று எந்நிகண்டும் சொல்லாது. பணியாட்கள் உண்மையிற் பயில்கின்றனர். பயணிகள் கப்பல்களில் வாரந்தோறும் கப்பலைக் கைவிடும் ஒத்திகையும் தீயணைப்பு ஒத்திகையும் நடத்தவேண்டும் என்பது விதி. அதுவும் எளிதன்று: 2013 பெப்ரவரியில் கனேரித் தீவுகளுள் ஒன்றான லா பால்மாவில், தொம்சன் மெஜெஸ்ரி கப்பலின் பணியாட்கள் ஒத்திகை செய்துகொண்டிருக்கையிற் கம்பிவடம் அறுந்து படகு வீழ்ந்தது; ஐவர் மாண்டனர். பயணியைக் காக்கக் கற்கும்போதே உயிர் நீத்தவர்கள் அவர்கள். நமக்கோ ஓர் அரைமணி நேரம் படியிறங்க மனமில்லை.

கூடுமிடம் எங்கே அமையவேண்டும் என்பதும் சிந்திக்கத் தக்கது. மூடிய மண்டபம் முதியோர்க்கு நல்லது. குளிர், மழை படாது. ஆயின் அங்கிருந்து படகிற்கு மீண்டும் ஒரு நடை உண்டு. திறந்த வெளியில் படகு கண்ணெதிரே தொங்கும். புயலில் அங்கே நிற்க முடியாது. 2019 மார்ச் 23 ஆந் திகதி நோர்வேக் கரையில், வைக்கிங் ஸ்கை என்னுங் கப்பல் இயந்திரம் நின்று 1,373 பேருடன் புயலில் அகப்பட்டது. மிதவை அங்கியுடன் பயணிகள் கூடுமிடத்தில் அமர்ந்திருக்கையில், அவ்விடத்திலேயே கடல்நீர் உடைத்துக்கொண்டு புகுந்தது. அவர்கள் வேறிடம் மாறவேண்டியதாயிற்று. உலங்கு வானூர்திகள் 479 பேரைத் தூக்கிச் சென்றன, எஞ்சியோருடன் கப்பல் மறுநாட் கரைசேர்ந்தது, ஒருவரும் இறந்திலர். இதனைப் படித்தபின் யான் எண்ணுவது, பயணிக்கு ஓரிடத்தை மாத்திரம் காட்டுதல் போதாது. அவ்விடம் அழிந்தாற் செல்லவேண்டிய மற்றோரிடத்தையும் காட்டவேண்டும். எமக்கு ஒன்றே காட்டினர்.

மணிமேகலையிற் சாதுவன் கதையை வாசகர் அறிவர். வங்கம் கவிழ்ந்தபோது அவன் ஒடிந்த மரமொன்றைப் பற்றி நாகர் தீவிற் கரையேறினான். உடன் சென்றோர் பிழைத்து ஊருக்கு வந்து, அவன் இறந்தான் என்று ஆதிரையிடங் கூறினர். அவர்களும் அறியாது சொன்னவர்களே; யார் எங்கே நின்றார் என்று கணக்கு வைத்தவர் அக்கலத்தில் இல்லை. இன்றைய விதி ஏறியோரை எண்ணச் சொல்கின்றது. ஆண், பெண், வளர்ந்தோர், குழந்தை என வகுத்துப் பெயர் பதியச் சொல்கின்றது. துணை வேண்டுவோர் தம் நிலையைக் கூறினால் அதனைக் குறித்துப் புறப்படுமுன் கப்பித்தானிடம் ஒப்படைக்கச் சொல்கின்றது. ஆதிரையின் கண்ணீருக்கு ஈராயிரம் ஆண்டு கழித்து வந்த மறுமொழி என்றே இதனைக் கொள்கின்றேன். ஆனால் ‘கூறினால்’ என்ற சொல்லைக் கவனிக்க. எம் முதியோர் கூறமாட்டார். பிள்ளைகட்குத் தொல்லை என்று வாளாவிருப்பர். மொழி தெரியாமையால் அட்டையை நீட்டிவிட்டு வருவர். ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் வாழும் எம்மவர் இப்பொழுது தாய்தந்தையரைக் கப்பலிற் கூட்டிச் செல்கின்றனர். அவர்களுள் எத்துணைப் பேர், அபாய ஒலியின் பொருளைத் தாயாருக்குத் தமிழில் எடுத்துச் சொல்லியிருப்பர்?

என் வேண்டுகோள் பெரிதன்று. படம் இருக்கட்டும், தனித்தனியே கூடுமிடம் பார்த்தலும் இருக்கட்டும். அதன்மேல், கப்பல் புறப்படுமுன் ஒருமுறை குழலூதி, இசையை நிறுத்தி, மதுச்சாலையை அடைத்து, எல்லோரையும் ஒரே வேளையிற் படியால் இறக்குக. கால்மணி நேரம் போதும். முறைப்பாடு கூறுவோர் கூறட்டும். மாணாக்கர் விரும்பாத பாடங்களையெல்லாம் விட்டுவிட்டால் இலக்கணம் எங்கே இருக்கும்?

அன்று யாம் கூடுமிடத்துக்கு மின்தூக்கியில் இறங்கியிருந்தோம். தீ முதலிய அபாயத்தில் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது என்று படமே சொல்லிற்று. ஆதலின் இராப்போசனத்தின் முன், அம்மாவைப் படிவழியாக மீண்டும் அழைத்துச் சென்று பார்த்தேன். ஒன்பதாந் தளத்திலிருந்து நான்காந் தளம்வரை ஐந்து மாடிப்படிகள். கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு திருப்பத்திலும் இளைப்பாறி இறங்கினார். பதினேழு நிமிடம் ஆயிற்று. எல்லாப் பயணிகளும் கூடி, அங்கியும் அணிந்தபின், கைவிடுங் கட்டளை பிறந்தால் முப்பது நிமிடத்துள் படகுகள் யாவும் ஆட்களுடன் இறங்கக்கூடியனவாய் இருத்தல் வேண்டும் என்பது விதி. கூடுமிடத்தை அடையவே எங்கட்குப் பதினேழு. அதுவும் வெளிச்சத்தில், கப்பல் நிமிர்ந்து நிற்கையில், படியில் வேறொருவரும் இல்லாதபோது.

மருமகன் சற்று வெட்கினான். “நான் இதை யோசிக்கேல்லை, மாமா” என்றான். அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவனிடம் கேட்டவர் எவருமில்லை. இருவரும் பணிமனை மேசைக்குச் சென்று அம்மாவின் பெயரைத் துணை வேண்டுவோர் இடாப்பிற் பதிவித்தோம். சிறிது நேரத்தில், மாலையில் எம் அட்டையை ஒற்றிய அதே பெண் எமது அறைக்கு வந்தாள். அபாய ஒலி கேட்டால் அறையிலேயே இருக்கும்படியும், நாற்காலியுடன் இருவர் வந்து இறக்குவர் என்றும் சொன்னாள். மருமகன் தமிழிற் சொல்ல, அம்மா தலையசைத்துக் கேட்டார். தம் பெயரைச் சொன்னார். அவள் இருமுறை சொல்லிப் பழகினாள். “சாப்பிட்டியே பிள்ளை?” என்று அம்மா கேட்டார். அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாட் காலை, கப்பல் கடல் நடுவே செல்லுகையில், அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு கதவடியில் நின்றார்.

“வா தம்பி, அந்த இடத்துக்கு ஒருக்கால் படியாலை போட்டு வருவம்” என்றார்.

பதினான்கு நிமிடம் ஆயிற்று.